படத்துக்காரர்கள் நடந்த சாலை

எங்கள் டவுன்ஷிப்பை வரைந்த துரை அதை மார்கழி மாதத்தில் வரைந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மாதம்தான் காரணம் என்று சொல்பவர்கள் எங்களில் பாதிப்பேர்; மீதிப்பேர் காரணம் தேடுவதையே விட்டுவிட்டவர்கள். பதினொரு நாள் தங்கினார். விடியற்காலைப் பனி மூடிக் கிடந்த சுண்ணாம்புக்கல் பொட்டலைப் பார்த்து, அட, நம் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய், தன் நாட்டில் புகையும் சேறும் மண்டிய பட்டணங்களைக் கண்டு மனம் வெறுத்த நல்லவர்கள் யாரோ எப்போதோ ஆசைப்பட்ட நகரத்தை, நடுவில் தோட்டம், தோட்டத்தைச் சுற்றி ஒரு வட்டச்சாலை, அதைச் சுற்றி இன்னொரு வட்டச்சாலை, வட்டங்களை வெட்டிக்கொண்டு நூறடி அகலத்தில் ஆறு நேர்ச்சாலைகள் என்று, எங்கள் தலையில் வரைந்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். சித்திரை மாதத்தை அவர் பார்க்கவே இல்லை. வெயிலுக்கு ஏங்குகிற நாட்டுக்காரர் என்பதால் ஒரு பொட்டு வெயிலும் வீணாகக்கூடாதென்று எல்லா வீட்டுக்கும் மேற்கே பார்த்துப் பெரிய பெரிய சன்னல் வைத்திருந்தார். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சன்னல்களில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டபடி நாங்கள் அவரை வாழ்த்திக்கொண்டிருந்தோம்.

அவர் வரைந்த பெரிய படம், டவுன்ஷிப்பை நிர்வகிக்கும் எஸ்டேட் ஆபீஸ் முன்கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. பருந்து பார்ப்பதுபோல் மேலிருந்து பார்த்த நகரம். அதில் எங்கள் வீடுகள் இருந்தன, எங்கள் சாலைகள் இருந்தன, ஒரு சொட்டுத் தண்ணீரும் பீச்சியறியாத எங்கள் நீரூற்று இருந்தது, நாங்கள்தான் இல்லை. எங்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தொப்பி வைத்த ஆண்கள், குடை பிடித்த பெண்கள், குழந்தைவண்டி தள்ளும் ஒரு தாய், ஒரு நாய். வீடு எத்தனை உயரம், சாலை எத்தனை அகலம் என்று பார்ப்பவருக்குப் புரிவதற்காகப் போட்ட அளவு மனிதர்கள் என்று ஆபீஸில் வரைபடம் போடும் எங்கள் டிராப்ட்ஸ்மேன் சிக்கந்தர் பாய் விளக்குவார். கடுகளவு தலை, அதில் கண்ணுக்கு ஒரு கீறல், மூக்குக்கு ஒரு கீறல். வாய் கிடையாது. ஆபீஸில் காத்திருந்த நாட்களில் நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், அறுபத்துமூன்று பேர்.

நான் என்றால், நீலமேகம். இந்த டவுன்ஷிப்பைக் கட்டிய சிமெண்ட் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு ஃபோர்மேன், டவுன்ஷிப் குடியிருப்போர் சங்கச் செயலாளர், இந்தக் கதையில் பின்னால் வரப்போகும் மனுவை என் கையால் எழுதியவன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு, அவர்கள் நான்காம் நேர்ச்சாலையில் வந்தார்கள். படத்தில் எப்படி இருந்தார்களோ அப்படியே, நம்மைவிட ஒரு தலை உயரமாக, மையின் சாம்பல் நிறத்தில், பக்கவாட்டில் பார்த்தால் கொஞ்சம் மெல்லிசாக, சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் நிழலை இடப்பக்கமே சாய்த்துக்கொண்டு, அவசரமும் இல்லாமல் ஓய்வும் இல்லாமல் நடந்து, சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்து மறைந்தார்கள். முதலில் பார்த்த பால்காரர், ஆடிட்டுக்கு வந்த வெளியூர் அதிகாரிகள் என்று நினைத்து சைக்கிளை விட்டு இறங்கி மரியாதையாக நின்றாராம். மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு மறுபடி வந்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு இன்னொரு முறை. மறுநாளும் அதே மூன்று வேளை, அதற்கு மறுநாளும் அப்படியே. சிக்கந்தர் பாய் ஆபீஸில் பார்த்துவிட்டு வந்து சொன்னார், அவர்கள் வெளியே நடக்கும்போது சட்டத்துக்குள்ளும் நடக்கிறார்கள், கண்ணாடிக்குப் பின்னால் எறும்பு வரிசை ஊர்வதுபோல் இருக்கிறது என்று.

ஒரு வாரத்தில் அவர்களுக்குப் படத்துக்காரர்கள் என்று பேர் விழுந்துவிட்டது. அறுபத்துமூன்று என்ற எண்ணிக்கையைக் கேட்டதும் இரண்டாம் வட்டத்துச் சிவனடியார் குழு நாயன்மார் கணக்கு என்று சூடத்தைக் கொளுத்திக்கொண்டு சாலை ஓரத்தில் வந்து நின்றது. நாயைச் சேர்த்தால் அறுபத்துநான்கு ஆகிறதே என்று யாரோ கேட்டபிறகு சூடம் அணைந்தது. வார்டு கவுன்சிலர் வந்து இவர்களுக்கு ஓட்டு உண்டா என்று விசாரித்தார். பெண்கள் மோர் கரைத்து நீட்டினார்கள். வாங்க வாயில்லாமல் அவர்கள் நடந்துகொண்டே போனார்கள், டம்ளரில் மோர் மட்டும் லேசாகச் சாம்பல் பூத்தது. குழந்தைவண்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் உள்ளே குழந்தையே இல்லை என்று கண்டுபிடித்தார்கள், துரை வண்டியின் கூரையை மட்டும் போட்டு நிறுத்தியிருக்கிறார். பாவம், அவளும் பெண்தானே என்று ஒரு வசம்பு வளையலையும் வேப்பிலைக் கொத்தையும் வண்டிக்குள் வைத்துவிட்டு, அதன்பிறகு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நிறம் போக ஆரம்பித்தது பத்தாம் நாளிலிருந்து. படத்துக்காரர்கள் கடக்கும் வழியில் படத்தில் இல்லாத பொருள் எது இருந்தாலும் முதலில் அதன் நிறம் வெளுத்தது, பிறகு வெறும் கோடாக நின்றது, பிறகு கோடும் இல்லை. வாசல் கோலங்கள் முதலில் போயின. அடுத்து கொடியில் காய்ந்த லுங்கிகள், இஸ்திரி வண்டி, கட்டியிருந்த கன்றுக்குட்டி. கன்று போன பிறகும் அதன் கழுத்துமணி மட்டும் மூன்று நாள் அந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது, தாய்ப்பசு அந்தச் சத்தத்தையே நக்கிக்கொண்டு நின்றது.

மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்? எடுத்து வைக்கப் பழகினோம். ஏழரைக்கெல்லாம் சைக்கிள், ஸ்கூட்டர், கட்டில், கொடிக்கயிறு, ஆட்டுக்கல், துளசித்தொட்டி, ஆடு, மாடு, கோழிக்கூண்டு, வெயிலில் காயவைத்த மிளகாய், சுவரில் சாய்த்த ஏணி, பேசிக்கொண்டு நிற்கும் மாமியார் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடுவோம், அவர்கள் கடந்ததும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முன்னால் வருவோம், வந்து மூச்சு வாங்கி நிமிர்ந்தால் பன்னிரண்டு பத்து வந்துவிடும். காலை எடுப்பு, மத்தியான எடுப்பு, சாயங்கால எடுப்பு என்று அதற்குப் பேரும் வைத்துக்கொண்டோம். எடுப்பு நேரம் போக மீதி நேரத்திலும் எங்கள் கைகள் சும்மா இருக்கவில்லை. நாற்காலியைத் தூக்கி நகர்த்துவோம், திரும்ப நகர்த்துவோம், சாப்பிட உட்கார்ந்தால் தட்டோடு எழுந்துகொள்வோம், தூக்கத்தில் தலையணையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவோம். இதற்கு நடுவில் டவுன்ஷிப் நாளுக்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிஷம், துரை வரைந்த மாதிரியே துடைத்துவிட்ட அழகோடு இருந்தது. எஸ்டேட் ஆபீசர் தெய்வநாயகம் அந்த நேரங்களில் மொட்டைமாடியில் நின்று பார்த்துக் கண்கலங்குவார்.

எடுக்காத ஒரே ஆள் சவரியம்மாள்.

நான்காம் நேர்ச்சாலையில், துரை புல்வெளி என்று பச்சை அடித்திருந்த இடத்தில், தானாக முளைத்த ஒரு புங்கமரத்தடியில் இட்லிக்கடை போட்டிருந்தாள். அவள் புருஷன் இந்த டவுன்ஷிப்புக்குக் கல் சுமந்தவன். நீரூற்றுத் தொட்டியின் சாரம் சரிந்து அதற்கடியிலேயே போய்ச் சேர்ந்தவன். கட்டியவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்று துரை எந்த வட்டத்திலும் வரையவில்லை. அதனால் அவர்கள் எல்லா வட்டத்துக்கும் வெளியே கூலி லைன் என்று தகரம் போட்டு இருந்துகொண்டார்கள், சவரியம்மாளும் அங்கிருந்துதான் வருவாள். அவள் கடையும் மரமும் படத்துக்காரர்களின் பாதையில் நட்டநடுவில் இருந்தன. அவர்கள் வரும் நேரத்தில் அவள் ஒரு கையால் இட்லிச் சட்டியையும் மறுகையால் மரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவர்கள் அவள் வழியாகவே ஊடுருவிப் போவார்கள். சட்டியும் மரமும் தப்பித்தன. அவள் விரலில் இருந்த மஞ்சள் கறை முதல் நாள் போயிற்று, கண்ணாடி வளையலின் சிவப்பு இரண்டாம் நாள், பிறகு நகம், பிறகு உள்ளங்கை. பங்குனி பிறக்கும்போது மணிக்கட்டு வரை வெறும் கோட்டுக் கைதான் இருந்தது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

செயலாளர் என்ற முறையில் நான் போய்ப் பேசினேன்.

"சவரியம்மா, பத்து நிமிஷம் அந்தப் பக்கம் நகத்தி வச்சா என்ன கொறஞ்சு போயிடும்?"

"ஏழு நாப்பதுக்குத்தான் சார் என் சட்டி ஆவி கட்டி நிக்கும். எட்டு மணி சங்குக்குள்ள நூறு ஆளு தின்னுட்டு வேலைக்குப் போவணும். அந்த நேரத்துல சட்டிய அசைச்சா இட்லியா வரும்? களிதான் வரும்."

"கை போயிகிட்டிருக்கேம்மா. முழங்கைக்கு மேல ஏறினா என்ன பண்ணுவே?"

"பயமாத்தான் சார் இருக்கு. ராத்திரியெல்லாம் தடவித் தடவிப் பாத்துக்கறேன்." கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் மேலே பேசினாள். "வழி விடுன்னு அவுங்க கேக்கட்டும், யோசிக்கிறேன். கேக்க ஒரு வாய்கூட இல்லாதவுங்களுக்கு நான் எதுக்கு சட்டிய எறக்கணும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஊரே தூக்கிக்கொண்டு ஓடும்போது ஒருத்தி மட்டும் நிற்பது, ஓடுகிறவர்களைக் கேலி செய்வது மாதிரி இருந்தது. இன்றைக்கு யோசித்தால் அது கோபம் இல்லை, வெட்கம். அன்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அப்போதுதான் டவுன்ஷிப்பின் வெள்ளிவிழா வந்தது. துரை செத்துப்போயிருந்தார், ஆனால் அவருடைய நாட்டிலிருந்து அவர் வழி வந்த நகரமைப்பு நிபுணர்கள் ஆறு பேர், அவர் வரைந்தது எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை காலை வரப்போவதாகக் கடிதம் போட்டார்கள். தெய்வநாயகம் சார் சங்கத்தைக் கூப்பிட்டு, இனிமேல் எடுத்த பொருளைத் திரும்பக் கொண்டுவராமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்டார். நூறு தடவை தூக்கிக் கை ஓய்ந்திருந்த எங்களுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. படத்தில் இல்லாதவற்றை நிரந்தரமாக அகற்றுமாறு குடியிருப்போரே கேட்டுக்கொள்ளும் மனு ஒன்று வேண்டும் என்றார். எழுதினேன். முதல் இனமாக, நான்காம் நேர்ச்சாலை இட்லிக்கடையும் அதைச் சார்ந்த மரமும் என்று என் அழகான கையெழுத்தில் எழுதி, வீடு வீடாகப் போய்க் கையொப்பமும் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை சுகாதார லாரி வந்து அள்ளிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று.

ஆனால் அதே வாரத்தில் சிக்கந்தர் பாய் ஒரு காரியம் செய்துவிட்டார். கோடாகிப் போயிருந்த தன் சைக்கிளை, ஒரு மத்தியானம் பொழுதுபோகாமல், கண்ணாடியைக் கழற்றி, படத்தில் ஆபீஸ் சுவரோரம், மெல்லிய கோடு இழுக்கும் இழைப்பேனாவால் சின்னதாக வரைந்து வைத்தார். அடுத்த முறை படத்துக்காரர்கள் கடந்தபோது சைக்கிள் பச்சை நிறமும் காரியருமாகத் திரும்பி நின்றது. படத்துக்குள் போய்விட்டால் தப்பித்தோம் என்று ஊருக்குத் தெரிய ஒரு மணி நேரம் ஆகவில்லை. வரிசை எஸ்டேட் ஆபீஸ் வாசலைத் தாண்டி முதல் வட்டம் முழுக்கச் சுற்றிவந்தது.

பாய் என்னவோ எல்லாரிடமும் படித்துப் படித்துத்தான் சொன்னார், எப்போதும்போல இருங்கப்பா, நடங்க, பேசுங்க, நான் பார்த்துப் போட்டுக்கொள்கிறேன் என்று. நாங்கள் கேட்கிற ஆட்களா? படம் எடுக்கிறார்கள் என்றால் எங்களுக்கு ஸ்டூடியோ ஞாபகம்தான். கல்யாணப் பட்டும் சரிகை வேட்டியும் கட்டிக்கொண்டு, பவுடர் பூசி, முகத்தை இறுக்கி, பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, ஆண்கள் பின்னால் நின்று தோளில் கைபோட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டோம். என் மனைவி கமலவேணி மடியில் கைப்பையுடன் உட்கார, நான் நான்காம் நேர்ச்சாலை நீரூற்றுக்குப் பக்கத்தில் இடதுகையை ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் வைத்து, வலதுகையை விறைப்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். மூன்று நாளில் பாய் எங்களில் இருநூற்று நான்கு பேரைப் படத்தில் அந்தச் சாலை நெடுக ஏற்றினார்.

அதன்பிறகு எங்களுக்கு நிறம் போகவில்லை, பொருள் போகவில்லை, எடுப்பு என்ற தொல்லையே இல்லை. ஒன்றே ஒன்று, படத்துக்காரர்கள் சாலையில் கால்வைத்த நொடியில் நாங்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தாலும், படத்தில் இருந்த இடத்தில், பட்டும் சரிகையுமாக, அதே விறைப்பில் போய் நின்றுவிடுவோம், அவர்கள் மறுமுனையை அடையும்வரை அசையமுடியாது. பேசவும் முடியாது. பத்து நிமிஷம்தானே என்றோம். பேச்சில்லாமல் நிற்பதை ஒரு மரியாதையாகக்கூட எடுத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை மத்தியானம் என் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைக் கொஞ்சம் அழுத்திப் போடச் சொல்லலாம் என்று பாயிடம் போயிருந்தேன். படம் சட்டத்திலிருந்து இறங்கி நீள மேசையில் விரிந்து கிடந்தது. சவரியம்மாள் உள்ளே வந்தாள். முந்தானைக்குள் கைகளை மறைத்திருந்தாள், முழங்கைவரை போயிருந்தது. என்னைப் பார்த்தாள், மனுவை எழுதியவன் என்று அவளுக்குத் தெரியும், பாய் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாம்மா சவரி," என்றார் பாய், எழுந்தே நின்றுவிட்டார். இருபது வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறவர். "நானே ஆளனுப்பலாம்னு இருந்தேன். மரத்தடியில ஒனக்கு எடம் விட்டு வச்சிருக்கேன். மரத்தையும் போட்டுடறேன். அப்புறம் எந்த லாரியும் ஒன்னைத் தொட முடியாது. ஒக்காரு, அஞ்சே நிமிஷம்."

"எப்புடிப் போடுவீங்க பாய்?"

"சட்டிய எறக்குற மாதிரி."

"அப்ப மூணு வேளையும் சட்டிய எறக்குற மாதிரியே நிப்பேன். எறக்கவும் முடியாது, ஒரு இட்லிய எடுத்து ஒருத்தருக்கு வைக்கவும் முடியாது. இந்த சாரு ஸ்கூட்டர்ல கை வச்சுகிட்டு நிக்கிறாரே, அதுமாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. பாய் பேனாவை மூடினார், திறந்தார்.

"வேற வழி இல்லம்மா. நாளைக்குக் காலையில அள்ளிடுவானுங்க."

"எனக்கு வேணாம். அவுங்களுக்குப் போடுங்க." மேசைமேல் குனிந்து கோட்டு விரலால் தொப்பிக்காரர் ஒருவரைத் தொட்டுக் காட்டினாள். "இந்த மூஞ்சிக்கெல்லாம் ஒரு வாயப் போடுங்க. எத்தன வருசமா நடக்கறாங்களோ, பச்சத்தண்ணி எறங்கல. தெனம் மூணு வேள என் சட்டிப் பக்கம் வந்து, ஆவி மூஞ்சில அடிச்சும் தாண்டிப் போறாங்க. தாண்டிப் போறப்ப கொஞ்சம் தயங்குறாங்க பாய். நான் உள்ள நிக்கிறேன்ல, எனக்குத் தெரியும்."

"ஆபீசர் அனுமதி இல்லாம துரை போட்ட படத்துல கை வைக்கிறது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ஒங்க ஸ்கூட்டருக்கு அனுமதி வாங்குனீங்களா?" என்றார் பாய், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. பிறகு அவளிடம், "மையில போட்டா அழிக்க முடியாது, தெரியுமில்ல? பேசுவாங்க. கத்துவாங்க. என்ன கேப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"கேக்கட்டும்," என்றாள்.

பாய் ஆகச் சன்னமான நிப்பைத் தேடி எடுத்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி அடக்கி அறுபத்துமூன்று முகத்துக்கும் ஒவ்வொரு சின்னக் கீறல் போட்டார். நாயையும் விடவில்லை. அதோடு நிற்காமல், கை ஓடுகிற ஓட்டத்தில், எங்கள் இருநூற்று நான்கு பேருக்கும் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, துரையின் பாணியை மாற்றக்கூடாதென்று பாய் எங்களையும் வாயில்லாமல்தான் வரைந்திருந்தார். இதுவரை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டு நின்றது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து நின்றது. தெய்வநாயகம் சார் கோட்டுப் போட்டுக்கொண்டு, எட்டு மணிக்கு வரப்போகும் விருந்தாளிகளுக்காகக் கையில் மாலைக்கூடையோடு நின்றார். அள்ளும் ஆட்கள் நான்கு பேர் மரத்தடிக்குப் போகத் தயங்கிக்கொண்டிருக்கும்போதே ஏழு நாற்பது ஆயிற்று. நான் நீரூற்றுப் பக்கத்தில், கை ஸ்கூட்டரில், விறைத்தேன். சாலை நெடுக எங்கள் ஆட்கள் பட்டும் பவுடருமாக முளைத்தார்கள். நேர் எதிரே சவரியம்மாள் தெரிந்தாள், வழக்கம்போல மரத்தைப் பிடிக்காமல், சட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இந்த முறை தோளுக்கு ஏறினால் அவள் அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் போய்விடக் கூடாதே என்று அந்த நேரத்தில் எனக்கு அடித்துக்கொண்டது, இதை நீங்கள் நம்பவேண்டியதில்லை.

படத்துக்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்த தொப்பிக்காரர் ஆவி முகத்தில் பட்டதும் நின்றார். அவருக்குப் பின்னால் அறுபத்திரண்டு பேரும் நின்றார்கள். இதற்குமுன் அவர்கள் நின்று நாங்கள் பார்த்ததில்லை. சவரியம்மாள் ஒரு இலையில் இரண்டு இட்லி வைத்துச் சட்னியை ஊற்றி நீட்டினாள். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார், போட்டார். அவள் ஒரு துண்டைப் பிட்டுத் தொட்டு எப்படி என்று வாயருகே காட்டினாள். அவர் பிட்டார், தொட்டார், வைத்தார், மென்றார். மெல்ல மெல்ல அவர் கழுத்தில் மாநிறம் ஏறியது, இருபத்தைந்து வருஷமாக இடப்பக்கம் சாய்ந்திருந்த நிழல் அசைந்து திரும்பி வெயிலுக்கு எதிர்ப்பக்கம் வந்து விழுந்தது.

"இன்னும் ரெண்டு வைம்மா," என்றார். சிக்கந்தர் பாயின் நிப்பில் பிறந்த வாய் என்பதால் பேச்சும் எங்கள் பக்கத்துப் பேச்சாகவே வந்தது.

அதன்பிறகு கேட்கவேண்டுமா? குடைக்காரிகள் குடையை மடக்கி வைத்துவிட்டுச் சம்மணம் போட்டார்கள், ஆண்கள் முண்டியடித்தார்கள், நாய் இலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. என்ன வெயில் இது, மனுசன் நடப்பானா, யாரு இந்த ரோட்ட இம்புட்டு அகலமாப் போட்டு மரமே இல்லாமப் பண்ணுனது என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். நாங்கள் இருபத்தைந்து வருஷமாகப் பேசியதை அவர்கள் ஐந்தே நிமிஷத்தில் பேசித் தீர்த்தார்கள். தெய்வநாயகம் சார் ஓடிவந்து, இது நடக்கிற இடம், இங்கே உட்காரக்கூடாது, தயவுசெய்து நடங்கள் என்றார்.

தொப்பிக்காரர் விரலை நக்கிக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாருப்பா? ஒன்னைய நான் படத்துல பாத்ததே இல்லியே."

லாரிக்காரர்கள் நான்கு பேரும் சிரித்தார்கள், பிறகு தயங்கித் தயங்கி அவர்களும் மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். எட்டு மணிக்கு வேன் வந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் ஆறு பேரும் இறங்கி, துடைத்துவிட்ட மாதிரி இருந்த நூறடிச் சாலையையும், அதன் இரண்டு பக்கமும் குறிப்பிட்ட இடைவெளியில் அசையாமல் நின்ற எங்களையும் பார்த்து, அப்படியே வரைந்ததுபோலவே இருக்கிறது என்று பூரித்துப்போய், எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மரத்தடியில் இரைச்சல் போட்டுச் சாப்பிடும் கூட்டத்தைப் பார்த்து, கூலியாட்கள் போலிருக்கிறது என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

படத்துக்காரர்கள் மறுமுனையை அடைந்தால்தான் எங்களுக்கு விடுதலை. அவர்கள் அடைகிற வழியாக இல்லை. சாப்பிட்டவர்கள் மரத்தடியிலேயே சாய்ந்தார்கள். எட்டு மணிச் சங்கு ஊதியது, என் பிரிவு ஆளில்லாமல் கிடந்திருக்கும். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. பங்குனி வெயில், அந்த அகலமான சாலை, ஒரு பொட்டு நிழல் இல்லை. பட்டு நனைந்து முதுகோடு ஒட்டியது. முன்னால் நாற்காலியில் கமலவேணியின் பின்கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்க்கிறேன், துடைத்துவிடக் கை வரவில்லை. பாய் புண்ணியத்தில் வாய் மட்டும் அசையும், ஆனால் சவரியம்மாளிடம் இட்லி கேட்க எந்த முகத்தோடு அதைத் திறப்பது? எனக்கு அழுகையாக வந்தது. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன், காலையிலிருந்து வெறும் வயிறு, எதிரே இட்லி வாசனை.

பத்தரை மணி இருக்கும், சவரியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, ஒரு இட்லிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மரத்தடியிலிருந்து சாலைக்கு இறங்கினாள். முதலில் நின்றவரிடம் போனாள். பிட்டாள், ஊட்டினாள், அடுத்த ஆளிடம் போனாள். அந்த நூறடிச் சாலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, முழங்கைவரை கோடாகிப்போன கைகளோடு, ஒவ்வொருவராக, மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் போடாதவர்கள் என்று பார்க்காமல் வந்துகொண்டேயிருந்தாள். கமலவேணிக்கு ஊட்டி, முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

பிறகு என் முன்னால் வந்து நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு வழியில்லை. கிட்டத்தில் பார்த்தேன், அந்த விரல்களில் ரேகை இல்லை, சூடு படுகிறதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது போலிருந்தது, இட்லியைப் பிட்டு உதட்டருகே கொண்டுபோய் ஊதிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆ காட்டுங்க சார். ஆறுது."

மன்னிச்சிடும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இட்லியை வைத்துவிட்டாள்.